நோயில்லாதவளின் தட்டு

ஆய்வகத்தில் அவளுக்கு வார்டன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. செல் வளர்க்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகளுக்கு விடுதி நடத்துவது மாதிரியான வேலை அது. காலையில் தட்டுகளில் இருக்கும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும், புதியதை ஊற்ற வேண்டும், யார் நன்றாக வளர்கிறார்கள், யார் சுணங்கிக் கிடக்கிறார்கள் என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது. மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாட்களிலும் வார்டன் வந்து விளக்கைப் போட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உட்காருவாள். "உங்களுக்கென்ன வார்டன், பிள்ளையா குட்டியா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வது?

அவள் வளர்ப்பது ஸ்டெம் செல். இன்னும் எதுவாகவும் ஆகாத செல் என்று சொன்னால் போதும். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து கீழ் வீட்டுக்காரர் அவளை மாடிப்படியில் மறித்து, தன் முட்டிக்கு அந்த ஊசி போட்டால் பழையபடி ஓடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு எலும்பு மஜ்ஜையை மாற்றுவது, கருகிப்போன கண்ணின் மேற்படலத்தைத் திரும்ப வளர்ப்பது போன்றவை நிஜம் என்றும், விளம்பரத்தில் வரும் முட்டி ஊசியை நம்ப வேண்டாம் என்றும் அவளும் அலுக்காமல் சொல்வாள். அவர் முகம் வாடிவிடும். அடுத்த வாரம் மறுபடியும் கேட்பார். உண்மையைச் சொன்னால், ஆய்வகத்துக்கு வெளியே அவளிடம் வலிய வந்து பேசுகிற ஒரே மனிதர் அவர்தான். அதனால் அவள் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை.

வேலையின் சூட்சுமம் இதுதான். ஒருவர் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். அந்த ரத்தத்திலுள்ள செல், நான் ரத்தம்தான் என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்ட செல். அதற்குள் சில மரபணுக்களை அனுப்பி, எடுத்த முடிவையெல்லாம் மறக்கடித்து, கருவில் இருந்த காலத்துக்கே திருப்பி நடத்திக்கொண்டு போகிறார்கள். இப்போது அது ரத்தமும் இல்லை, தோலும் இல்லை. எதுவாகவும் ஆகலாம். எதுவாக ஆகும் என்பது அதன் காதில் என்ன ஓதுகிறோம், எப்போது ஓதுகிறோம், எப்போது வாயை மூடிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்றைக்கு ஒரு ரசாயனம், நாளை மறுநாள் அதை நிறுத்தி அதற்கு நேர் எதிரான இன்னொன்று. வரிசை பிசகாமல் செய்தால் அது இதயத் தசையாகிறது. ஒருநாள் பொழுது விடிந்து பார்த்தால் தட்டில் துடித்துக்கொண்டிருக்கும். வரிசை பிசகினால் குடலோ நரம்போ ஆகித் தொலைக்கும். சிலது யார் சொல்லுக்கும் காத்திராமல் ஓரத்தில் தானாகவே ஏதோ ஒன்றாக ஆக ஆரம்பித்துவிடும். பிஞ்சிலேயே பழுத்ததுகள் என்று வார்டன் அவற்றைத் திட்டிக்கொண்டே சுரண்டி எடுத்துவிடுவாள்.

இந்த ஸ்டெம் செல்லுக்கு ஒரு குணம் உண்டு. கூட்டமாக இருக்கும் வரை ராஜா மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதுத் தட்டில் விட்டால் பயந்தே செத்துவிடும். அதனால் பிரிக்கும் நாளில் ஒரு மருந்து சேர்ப்பார்கள். அந்த ஒருநாளைத் தாக்குப்பிடித்துவிட்டால் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள், பிறகு மருந்து தேவையில்லை. ஆய்வகத்தில் அதற்குத் தனிமை மருந்து என்று பெயர். வார்டனுக்கு அந்தக் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். அவளுக்கு ஒருநாள் கணக்கு இல்லை, மூன்று வருஷக் கணக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் அம்மா இறந்துபோனாள். அதுவரை இருவரும்தான் அந்த மாடி வீட்டில் இருந்தார்கள். அன்று விடுமுறை. வார்டன் வழக்கம்போல செல்களைப் பார்க்கப் போயிருந்தாள். அம்மா காய்கறிப் பையோடு வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. படியில் ஏறியிருக்கிறாள், அதுவும் அவள் சுபாவப்படி வேகவேகமாக. வார்டன் திரும்பி வந்தபோது அம்மா வீட்டு வாசலுக்குக் கீழே, படி திரும்பும் இடத்தில், பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். நல்ல திடமான மனுஷி. அவ்வப்போது மயக்கம் வரும், தண்ணீர் தெளித்தால் எழுந்து உட்கார்ந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். குடும்பத்தில் அதை ஒரு வியாதியாகவே யாரும் நினைத்ததில்லை.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு அண்ணன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "உன் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டப் போயிட்டு அம்மாவைச் சாகவிட்டுட்டே." அதோடு தங்கையைத் தலைமுழுகிவிட்டான். அதே ஊரில், இரண்டு பஸ் மாறினால் போய்விடும் தூரத்தில்தான் அவன் வீடு. அண்ணிதான் எப்போதாவது திருட்டுத்தனமாக போனில் பேசுவாள். அண்ணன் மகள் நீச்சலில் பரிசு வாங்கியதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான். அண்ணனுடைய பழியை வார்டன் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. மறுக்க அவளுக்கே தைரியம் இல்லை. வீட்டில் இருந்திருந்தால் பையை அவள் தூக்கியிருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சோதனை வந்தது. பதற்றத்திலோ மூச்சு வாங்க ஓடியாடும்போதோ இதயத்தின் தாளம் தப்பிப்போகும் ஒரு பரம்பரை நோய்க்கு ஆய்வகத்தில் மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் நெஞ்சைத் திறந்து பரீட்சை செய்ய முடியாது. அவர் ரத்தத்திலிருந்து இதயத் தசையை வளர்த்துத் தட்டில் வைத்துப் பரீட்சை செய்யலாம். பக்கத்திலேயே நோயில்லாத ஒருவருடைய தட்டும் இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. பயத்தில் உடம்பு சுரக்குமே, அந்த ரசாயனத்தை இரண்டிலும் ஊற்றினால் நல்ல தட்டு வேகமாகத் துடிக்கும், ஆனால் சீராகத் துடிக்கும். நோய்த் தட்டு வேகமெடுத்து, தடுக்கி, திக்கித் திணறும்.

வழக்கமான நல்ல தட்டு பூஞ்சை பிடித்துப் பாழாகிவிட்டதால், உறைய வைத்திருந்த வேறொன்றை எடுத்து வளர்த்தார்கள். அது யாருடையது என்று ஆய்வகத்தில் வார்டனுக்கு மட்டும் தெரியும். சில வருஷங்களுக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டிய ஆள் வராமல் போய்விட, வேலை நின்றுவிடக் கூடாதே என்று அவள் தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். விதிப்படி தப்பு. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. கைக்கு எட்டும் தூரத்தில் ஆரோக்கியமான ஆள் நாம்தானே என்ற நினைப்பு. வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றாள். அப்போது அம்மா உயிரோடு இருந்தாள்.

ரசாயனத்தை ஊற்றினார்கள். இரண்டு தட்டும் திக்கின.

ஆய்வகத் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். மேடம் திரையைப் பார்த்துவிட்டு வார்டனைப் பார்த்தார். "தட்டு மாறிடுச்சா?"

"இல்ல மேடம். நானேதான் எடுத்து வச்சேன்."

"அப்ப நீங்கதான் மாத்திட்டீங்க."

வார்டன் வாதாடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து வளர்த்தாள். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வேறு யாரையும் கிட்டே சேர்க்காமல். வாரக்கணக்கில் ஆனது. துடிக்க ஆரம்பித்ததும் மேடம் முன்னாலேயே ரசாயனத்தை ஊற்றினாள். மறுபடியும் அதே திக்கல். மேடம் நம்பாமல் இரண்டு தட்டுகளையும் மரபணு அடையாளப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டும் வெவ்வேறு ஆட்களுடையவை, குப்பியில் உறைய வைத்த அதே செல்கள்தான் என்று பதில் வந்தது. நோயாளிகளைப் பார்க்கும் இதய டாக்டரும் அன்று மேடம் அறையில் இருந்தார்.

"அப்ப தட்டு மாறல. நல்லா இருக்கறதா நாம நினைச்ச ஆளுக்கே நோய் இருக்கு" என்றார் டாக்டர். "யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். பாவம், அவங்களுக்கே தெரியாம இருக்கும்."

"தெரியும் டாக்டர்" என்றாள் வார்டன். "நான்தான்."

மேடம் வாயைத் திறந்து, திட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மூடிக்கொண்டார். டாக்டர் அவளைப் பக்கத்துக் கட்டிடத்துக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். நீளமான காகிதத்தைக் கையில் பிடித்து அளந்தார். தட்டு சொன்னதைத்தான் காகிதமும் சொன்னது.

"வீட்ல யாராவது திடீர்னு தவறிப்போயிருக்காங்களா?"

"அம்மா. படி ஏறும்போது."

"அதுக்கு முன்னாடி மயக்கம் வருமா?"

"வரும்."

"அப்ப இதுவாத்தான் இருக்கணும். அன்னிக்கு யார் பக்கத்துல இருந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வார்டனுக்கு மூன்று வருஷமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றை யாரோ சட்டென்று தூக்கியது போல் இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். டாக்டர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நூறு வயசு வரை இருக்கலாம் என்று தேற்றினார். பிறகு கேட்டார். "கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அண்ணன். அவருக்கு ஒரு பொண்ணு. ஸ்கூல் படிக்குது. நல்லா நீச்சலடிக்கும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "நீச்சலா? இந்த நோய்க்கு அதைவிட ஆபத்து வேற இல்ல. தண்ணிக்குள்ள தாளம் தப்பினா வெளிய தெரியவே தெரியாது. இன்னிக்கே சொல்லுங்க. ஒரு ஈசிஜி எடுக்கற வரைக்கும் தண்ணியில இறங்கக் கூடாது."

அண்ணன் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. அண்ணியின் போன் அணைந்து கிடந்தது. மாலையில் ஈசிஜி காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனாள். முதலில் பெண்ணைப் பற்றி, பிறகு அம்மாவைப் பற்றி. நான் காரணமில்லை அண்ணா, டாக்டரே சொல்லிட்டாரு. இந்த ஒரு வரியைத்தான் அதிகம் ஒத்திகை பார்த்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. பெண்ணுக்கு உயிர் ஆபத்து என்று சொல்லப் போகிற வழியில் இப்படி ஒரு ஆசை வரலாமா? வந்தது, என்ன செய்ய.

அண்ணி கதவைத் திறந்ததும் திகைத்துப்போய் நின்றாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அண்ணன் மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். உட்கார் என்று சொல்லவில்லை. பெண் உள்ளறையிலிருந்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து "அத்தை" என்றாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்.

வார்டன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, ஈசிஜி, அம்மாவின் மயக்கம், தண்ணீர். காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். அண்ணன் அதைத் தொடவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு நீச்சல் செலக்‌ஷன்" என்றான்.

"தெரியாது. ஆனா போக வேண்டாம். முதல்ல ஒரு ஈசிஜி எடுத்துடு."

"ராத்திரி பகலா உழைச்சிருக்கா. அவளுக்கு ஒரு குறையும் இல்ல."

"எனக்கும் ஒரு குறையும் இல்லைன்னுதான் நானும் நினைச்சேன்."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான். "மூணு வருஷம் உக்காந்து யோசிச்சிருக்கே. அம்மா செத்ததுக்கு வியாதிதான் காரணம், நீ இல்லைன்னு சொல்ல ஒரு வழி கிடைச்சிடுச்சு. அதுக்கு என் பொண்ணுக்கும் சேர்த்து வியாதியக் கட்டறே. அப்படித்தானே?"

அண்ணி "என்னங்க" என்று அதட்டினாள். அவன் காதில் வாங்கவில்லை.

வார்டனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. பெண்ணுக்கு நோய் இருக்கலாம் என்று அவன் ஒப்புக்கொண்டால், அம்மாவுக்கும் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷம் தங்கையை ஒதுக்கி வைத்தது தப்பு என்று ஆகிவிடும். இரண்டும் ஒரே முடிச்சாக இறுகிக் கிடந்தன. அந்த முடிச்சை அவன் இன்றைக்கு அவிழ்க்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமைக்குள் நிச்சயமாக அவிழ்க்க மாட்டான். அவளோடு கூடப் பிறந்தவன், அவன் பிடிவாதம் அவளுக்குத் தெரியாதா?

அவள் காகிதத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீ சொல்றது சரிதான்" என்றாள். "அம்மா செத்தது என்னாலதான். அன்னிக்கு நான் வீட்ல இருந்திருக்கணும். நீ என்னை மன்னிக்கவும் வேண்டாம், நான் இனிமே இந்த வாசப்படி மிதிக்கவும் மாட்டேன். அது அதோட இருக்கட்டும். இது வேற. பொண்ணுக்கு ஒரே ஒரு ஈசிஜி எடு. ஒண்ணும் இல்லைன்னு வந்தா அவ நீந்தட்டும், நீ என்னைப் பாத்துச் சிரி."

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அதுவும் அவள் உயிரே போனாலும் சொல்லக் கூடாத பொய் அது. டாக்டர் இறக்கி வைத்த பாரத்தை அவளே குனிந்து எடுத்து மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டாள். அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான். வார்டன் அண்ணன் மகளின் ஈரத்தலையை ஒருமுறை தடவிவிட்டுப் படி இறங்கிவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் கால் கடுக்க நின்றாள். இரண்டு பஸ்கள் வந்து போயின, ஏறத் தோன்றவில்லை.

அதன் பிறகு தகவலே இல்லை. அவள் வேலைக்குப் போனாள், திரவம் மாற்றினாள். நல்ல தட்டு என்ற பெயரை மேடம் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அதன் பக்கத்தில் வைக்க வேறொருவரின் செல்லை ஒழுங்கான முறையில் வாங்கினார்கள். அவளுடையது இனிமேல் நோய்த் தட்டுகளின் வரிசையில். மருந்து கிடைத்தால் அதிலும் ஊற்றிப் பார்ப்பார்கள், அவளுக்கே கூட உதவலாம். இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கீழ் வீட்டுக்காரர் படியில் மறித்து முட்டியைப் பற்றி ஆரம்பித்தார். "அந்த ஊசி வேண்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினாள், மெதுவாக, ஒவ்வொரு படியாக.

ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்தில்தான் இருந்தாள். இந்நேரம் பெண் தண்ணீரில் குதித்திருப்பாளோ என்ற நினைப்பில் பாதித் திரவத்தை வெளியே கொட்டினாள். போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் அண்ணியின் பெயர் வந்தது. எடுப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அவ குளத்துல இறங்கல" என்றாள் அண்ணி, முதல் வார்த்தையாக. "ஆஸ்பத்திரியிலேந்து இப்பதான் வந்தோம். அவளுக்கும் இருக்காம். டாக்டர் துருவித் துருவிக் கேட்டப்பதான் சொல்றா, போன மாசம் தண்ணிக்குள்ள கண்ணு இருட்டிச்சாம். டீம்லேந்து எடுத்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலயாம். பக்கத்துல நீந்தின பொண்ணு இழுத்துக் கரையில விட்டுருக்கு." அண்ணியின் குரல் உடைந்தது. "மாத்திரை குடுத்திருக்காங்க. நீச்சல் கிடையாது. ஒரே அழுகை. உங்க மேலதான் கோவம் அவளுக்கு."

"கோவப்படட்டும் அண்ணி" என்றாள் வார்டன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், கையுறை இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அழட்டும், திட்டட்டும். இருக்கா இல்ல, அது போதும்."

"இருங்க, அவர் பேசணுமாம்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணனின் மூச்சு மட்டும்.

"எனக்கும் ஈசிஜி எடுத்தாங்க" என்றான். "எனக்கும் இருக்கு."

"ம்."

"அம்மாவுக்கும் இதுதான்னு டாக்டர் சொல்றாரு."

"ம்."

"அன்னிக்கு வந்தியே, அப்பவே உனக்கு அது தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு உன்னாலதான்னு சொன்னே?"

"நான் சொல்றத நீ கேக்கணுமே" என்றாள்.

அவன் மன்னிப்புக் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு அது வராது, சின்ன வயசிலிருந்தே வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அதட்டுகிற மாதிரி கேட்டான்.

"உன் வீட்டுச் சாவி இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல. அம்மாவோடது வீட்லதான் கிடக்கு."

"நீ உள்ள மயங்கி விழுந்தா கதவை யார் திறப்பா?"

ஈசிஜி எடுத்த நாளிலிருந்து, தினமும் கதவைச் சாத்தும்போது அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. இன்னொருவர் வாயால் கேட்க அவளுக்குத் தாங்கவில்லை. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதா? நாளைக்குக் காலையில வரேன். அம்மாவோட சாவிய எடுத்து வை."

"சரிண்ணா" என்றாள். அவன் வைத்துவிட்டான்.